நாற்பத்தோராவது நிமிடம்

ஹூசவீக்கில் அன்று பனி பக்கவாட்டில் பெய்தது.
திமிங்கலங்களின் ஒரு கோடை முழுவதும்
நான்கு டெராபைட்டாக எங்கள் சர்வரில் கிடந்தது.
ரெய்க்யவீக்குக்கு அனுப்ப வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

அனுப்பினேன்.
நாற்பது நிமிடம் மடை திறந்தாற்போல் போனது.
பிறகு சர்வர் வாயை மூடிக்கொண்டது.
பிங் அடித்தேன். பதில் இல்லை.
பச்சை விளக்கு மட்டும் எரிந்தது,
பாத்திரத்தை உடைத்துவிட்டு
பாடப்புத்தகம் விரித்த பிள்ளையைப்போல.

கீபோர்டைச் செருகிப் பார்த்தால்
ஆள் உயிரோடுதான் இருக்கிறான்.
டிஸ்க் சரி, மெமரி சரி, கடிகாரம்கூடச் சரி.
லாக்கில் ஒரே ஒரு வரி:
அனுப்பும் வரிசை, காலம் கடந்தது.

கேபிளை மாற்றினேன். நாற்பது.
சுவிட்சில் வேறு போர்ட். முப்பத்தெட்டு.
டிரைவரைப் புதிதாக்கினேன், பிறகு பழசாக்கினேன்,
பிறகு எது புதிது எது பழசு என்று
எனக்கே தெரியாமல் போனது.

சின்னச் செய்திகளுக்கு அவன் விழுவதில்லை.
மின்னஞ்சல், அலை உயரம், படகு நேரம்
எல்லாம் போகும் வரும்.
பெரிதாக ஒன்றைச் சொல்ல எடுத்தால்தான்
தொண்டை அடைத்துவிடுகிறது.
விவாகரத்து வருடத்தில் நானும் அப்படித்தான்,
என்றாள் ஸ்வான்ஹில்துர்.
நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

மூன்றாம் இரவுதான் உறைத்தது:
விழுந்தவுடன் எழுப்பினால் எழுவதில்லை.
கோபத்தில் காபி போடப் போய்
வந்து எழுப்பினால் எழுந்துகொள்கிறான்.
மூன்று முறையும் காபி.
மூன்று முறையும் நான் மாற்றிய அமைப்பு என்று
குறிப்பேட்டில் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து
நெட்வொர்க் கார்டின் மேல் விரல் வைத்தேன்.
சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.
விரல் நுனியில் சதுரமாக ஒரு கொப்புளம்.

பெட்டிக்குப் பின்னால் ரேடியேட்டர்.
பூமிக்கடியிலிருந்து ஏறிவரும் வெந்நீர்
எங்கள் ஊரில் தண்ணீர் பட்ட பாடு,
யாரும் அடைப்பதில்லை.
பிளக் பாயிண்ட் அங்கேதான் என்று
போன வசந்தத்தில் சர்வரை அங்கே வைத்தது
வேறு யாருமில்லை.
வால்வைத் திருகினேன்.
கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

கனத்தைத் தூக்கவேண்டிய துண்டு
முதுகில் அடுப்போடு நின்றிருக்கிறது,
ஏழு மாதம்.
நான் கேபிளைக் குறை சொன்னேன்.

புதிய கார்டுக்கு ஆறு நாள்,
மலைப்பாதை மூடியிருந்தது.
இங்வார் மீன் காயவைக்கும் கொட்டகையிலிருந்து
விசிறியைத் தோளில் சுமந்து வந்தான்.
'இந்தக் காற்றில் மீனுக்கு இது வேண்டாம்,
உன் ஆளுக்கு வை.'
மேசையை இழுத்தோம், பக்கப் பலகையைக் கழற்றினோம்,
விசிறியை முடுக்கினோம்.
அறை முழுக்க கருவாட்டு வாடை.

முப்பத்தொன்பது.
நாற்பது.
இங்வார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தேழில்தான் யாரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்கள்.

போய்க்கொண்டிருந்ததில் ஒன்றைத் திறந்து கேட்டோம்.
பதினேழு நிமிடம் வெறும் கடல்.
பிறகு ஒரு திமிங்கலம், ஒரே ஒரு முறை.
பிறகு கடல்.
வெறும் கடலை வெட்டிவிட்டால்
அனுப்ப வேண்டியது பாதிதானே என்றேன்.
ஸ்வான்ஹில்துர் பார்த்த பார்வையில்
கொப்புளம் மறுபடி எரிந்தது.

காலை பத்து மணி, இன்னும் இருட்டு.
ரெய்க்யவீக்கிலிருந்து இரண்டு சொல்:
வந்தது. ஏன் தாமதம்?

விசிறியை நிறுத்தாமல்
பதில் எழுத உட்கார்ந்தேன்.