வலமிருந்து இடம்

வெள்ளரி ஊறுகாய் இருந்த ஜாடி.
எத்தனை முறை கழுவியும் வினிகர் வாடை போகவில்லை.
மேரன் ஒட்டிய காகிதத்தில்
ஒரு கோட்டை, ஒரு ராட்சதச் சக்கரம்,
எழுத்துப் பிழையோடு ஃப்ளோரிடா.
மூன்று குளிர்காலம்
எங்கள் டாலர்களில் ஊறுகாய் மணத்தது.

முதலில் காபியை விட்டேன்.
டிப்போ வாசலில் மூன்றே கால் டாலர்.
அதிகாலை ஐந்து மணிக்கு
பள்ளிப் பேருந்தின் உறைந்த ஸ்டியரிங்கைப் பிடிக்குமுன்
என் கை சூடு கண்ட ஒரே இடம்.
ஆறிப்போன காபியும் காபிதான் என்று
என்னை நானே நம்பவைக்க
மூன்று வாரம் பிடித்தது.

கர்டிஸுக்குக் கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
உலை முன்னால் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு
டொலிடோவின் பனிக்குள் நடந்து வந்து
வீட்டு ஹீட்டரை நான்கு டிகிரி குறைப்பான்.
“எனக்கு வேர்க்குது.”
இரண்டிரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்து
நாங்கள் மூவரும் அவனைப் பார்ப்போம்.

நாய் உணவுக்கு ஒரு கூப்பன் வந்தது.
எங்களிடம் நாய் இல்லை.
ஆனாலும் கிழித்துப்போட மனம் வரவில்லை.

பேர்போன கம்பெனியின் சீரியல் பெட்டியில்
மலிவுக் கடைச் சீரியலைக் கொட்டி வைத்தேன்.
பெட்டியின் மூலைகள் பஞ்சாய்ப் பிய்ந்த பிறகும்
யாரும் எதுவும் கேட்கவில்லை.
என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்,
ஒரு காலையில் ஆன்செல்
அந்த மூலைகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்ததைப்
பார்க்கும்வரை.

இரண்டாம் வருடம் பிப்ரவரியில்
காரின் கியர்பாக்ஸ் ஜாடியைக் குடித்துவிட்டது.
அடியில் கொஞ்சம் சில்லறை.
மேரன் ஒன்றும் பேசாமல் பென்சில் எடுத்து
கோட்டைக்குக் கீழே எழுதினாள்:
அடுத்த வருஷம்.

அடுத்த வருஷம் போனோம்.
பதினேழு மணி நேரம்,
மடியில் ரொட்டி, காலடியில் தண்ணீர்க் கேன்.
பூங்கா வாசலில் டிக்கெட்டைக் காட்டியதும்
இயந்திரம் ‘டிங்’ என்றது.
மூன்று குளிர்காலத்துக்கு
ஒரே ஒரு டிங்.

நடுப்பகல். வெயில் மண்டையைப் பிளந்தது.
எலுமிச்சைச் சாறு விற்கும் வண்டியின் பலகையை
ஆன்செல் படித்தான். எட்டு வயது.
அப்போதுதான் கவனித்தேன்,
வலமிருந்து இடமாகப் படிக்கிறான்.
முதலில் விலை.
பிறகுதான் பண்டம்.
நான் வாய் திறக்குமுன்
“எனக்குத் தாகமில்லை” என்றான்.
உதடு வெடித்திருந்தது.

நான் அதைச் சொல்லித்தரவேயில்லை.
ஆனால் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில்
என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து வளர்ந்தவன்.
என் கண் முதலில் எங்கே போகுமென்று
அவனைவிட யாருக்குத் தெரியும்?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கவில்லை.
இருப்பதிலேயே பெரிய கோப்பையைக் காட்டினேன்.
டிராகன் தலை மூடி, சுருள் சுருளாய்க் குழல்,
பதினேழு டாலர்.
யாரோ ஹீட்டரைத் தொட்டதுபோல
கர்டிஸ் என்னைப் பார்த்தான்.

“நாள் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும்
இலவசமா நிரப்பிக்கலாம்,” என்றாள் கடைக்காரப் பெண்.
சொல்லியிருக்கக் கூடாது.

அதன்பின் ஆன்செல் எந்த வரிசையிலும் நிற்கவில்லை.
ராட்சதச் சக்கரத்தில் மேரன் தனியாகச் சுற்றினாள்.
அவன் வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே
டிராகனோடு ஓடிக்கொண்டிருந்தான்,
தளும்பாமல்.

இரவு வாணவேடிக்கை தொடங்கியபோது
பன்னிரண்டாம் முறை நிரப்பி வந்தான்.
வானம் பூப்பூவாய் வெடித்தது. அவன் பார்க்கவில்லை.
“அம்மா, ஒரு தடவைக்கு
ஒன்றரை டாலருக்கும் கீழே வந்துடுச்சு!”
அந்த முகத்தில் இருந்த வெளிச்சம்
வானத்திலிருந்து வந்ததல்ல.
நாலு பேரும் ஒரே குழலில்
மாற்றி மாற்றி உறிஞ்சினோம்.
யாருக்கும் தாகமில்லை.

அன்றிரவு விடுதி அறையில்
ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போனோம்.
கழிவறை விளக்கு விடியும்வரை எரிந்தது.
கர்டிஸ் அணைக்க எழவில்லை.