இடது காதில் கல்

பெரட்டுக்கு எழும்பப் புரண்டேன்,
கூரைத் தகரம் சுழன்றது.
தகரம் மட்டுமில்லை, கொடியில் காய்ந்த படங்கு,
காலண்டர் முருகன், அவர் மயில்,
எல்லாம் இடப்பக்கமாய் ஓடி
மூச்சு வாங்காமல் மறுபடி ஓடின.
கட்டில் சட்டத்தை இறுக்கிக்கொண்டேன்.
அரை நிமிஷம். பிறகு எல்லாம்
எதுவும் நடக்காத முகத்தோடு நின்றன.
சாட்சிக்கு வாந்தி மட்டும் வந்தது.

பித்தம் என்றாள் அடுத்த காம்பராக் குணவதி.
ரத்தம் பத்தாது என்றார் டிஸ்பென்சர், பத்து இரும்பு மாத்திரை.
முழுகாமல் இருக்கிறாயா என்று கங்காணி சிரித்தான்.
எனக்கு வயது நாற்பத்தொன்பது.

ஏழாம் நம்பர் மலை செங்குத்து.
ஆட்டுக்கும் அங்கே நாலு கால் போதாது.
கொழுந்தெடுக்கக் குனிந்தால் நெறை சரியும்,
கூடையில் போட நிமிர்ந்தால்
சவுக்கு மரம் என் மேல் சாயும்.
மூன்று நாள் பாதிக் கூடை.
மூன்று நாளும் அரைப்பேர்.
கணக்குப்பிள்ளையின் புத்தகத்தில்
என் பெயருக்குப் பாதி உடம்புதான்.

நான்காம் நாள் பேரை விட்டுவிட்டு
டிக்கோயா ஆஸ்பத்திரி, துண்டு அறுபத்திரண்டு.
பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பியது,
நான் ஒரு வளைவு கூடுதலாகத் திரும்பினேன்.

நில்மினி டொக்டர் தமிழில்
படிப்படியாய்க் கால் வைத்து இறங்கினார்:
“தலை நல்லம். காதுதான் சுத்துறது.”
மேசையில் பப்பாளிப் பழம் அளவு பிளாஸ்டிக் காது.
கழற்றினார்.
மடல், குழாய், குழாயின் கோடியில் தோல் கட்டிய பறை,
பறைக்குப் பின்னால் அரிசிமணி போல் மூன்று எலும்பு,
சுருண்டு கிடக்கும் நத்தை. சத்தமெல்லாம் அதோடு சரி.
நத்தைக்குத் தலைமாட்டில் மூன்று வளையம்,
வளையத்துக்குள் தண்ணீர்,
தலை திரும்பும் பக்கத்தை அந்தத் தண்ணீர் சொல்லுமாம்.
அடியில் ஒரு பை.
பைக்குள் பசைப் படுக்கை,
படுக்கைமேல் சுண்ணாம்புத் தூள்.
எது கீழ் என்று எனக்குச் சொல்வது அதுதான்.
அதில் கொஞ்சம் சரிந்து
பின்வளையத்தில் விழுந்து கிடக்கிறது.

சரிந்து. அந்த ஒரு சொல்லை
டொக்டர் தடுக்காமல் சொன்னார்.
எங்கள் லயத்துக்கு மேலே
சிவப்படித்த முளைக்குச்சி நாலு வருஷமாய் நிற்கிறது.
அளந்தவர்கள் போகச் சொன்னார்கள்,
போகும் இடத்தைச் சொல்லவில்லை.
மழை இரவில் மேலே கல் உருண்டால்
லயம் முழுக்கக் காதாய் விழித்திருப்போம்.
அந்தக் காதுக்குள்ளேயே ஒரு மேடு இருந்ததும்
அது இறங்கியதும்
யார் கண்டது.

“கண்ணை மூடக் கூடாது.”
தலையை இடப்பக்கம் திருப்பி
கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுச் சாய்த்தார்.
வந்தது.
சுவர், மின்விசிறி, டொக்டரின் மூக்குக்கண்ணாடி.
“கண் துடிக்குது, நல்லம், நல்லம்.”
எனக்கு உலகமே போய்க்கொண்டிருக்க
அவருக்குச் சந்தோஷம்.
எண்ணினார். வலப்பக்கம் திருப்பினார். எண்ணினார்.
தோளோடு புரட்டி என் மூக்கைத் தரைக்குக் காட்டினார்,
இம்முறை சிங்களத்தில் எண்ணினார்.
எழுப்பி உட்காரவைத்தார்.
தூள் தன் பைக்குத் திரும்பிய சத்தம்
எனக்குக் கேட்கவில்லை.
காதுக்குள்தான் நடந்தது, ஆனாலும் கேட்கவில்லை.

ஊசியில்லை, மாத்திரையில்லை.
மறுபடி விழலாம், விழுந்தால் வரச்சொன்னார்.

அடுத்த நாள் ஏழாம் நம்பர்.
மெதுவாய்க் குனிந்தேன், நெறை நின்றது.
அண்ணாந்தேன், சவுக்கு நின்றது.
இரும்பு மாத்திரை பிடித்துவிட்டது என்றார் டிஸ்பென்சர்.

சாயங்காலம் கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டார்கள்.
முள் துடித்தது, இப்படியும் அப்படியும்,
கட்டில் விளிம்பில் என் கண் துடித்த மாதிரி.
அது நிலைக்கட்டும் என்று நின்றேன்.
கணக்குப்பிள்ளை அதற்கு முன்பே எழுதிவிட்டார்,
சாக்குக்கென்று இரண்டு கிலோ கழித்து.