ஏற்கெனவே இருந்த கீறல்கள்

சேன்-பியேர் துறைமுகத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே
ஒரு ஷட்டர் அகலம்தான் அந்த இடம்.
ஏழு ஸ்கூட்டர், இரண்டு பைக்,
கல்லாவில் ழிசேல் ரெங்கசாமி.

குடும்பப் பெயர் என்ன என்றாள்.
குடும்பம் இருக்கிறது, அதற்குப் பெயர் இல்லை.
ஓர் எழுத்து இருக்கிறது, பக்கத்தில் ஒரு புள்ளி.
படிவத்தில் புள்ளிக்குக் கட்டம் இல்லை.
எழுத்தைத் திறந்து உள்ளே இருந்தவரை வெளியே எடுத்தேன்:
சொக்கலிங்கம்.
என் பெயர் தமயந்தி கீழே சின்னக் கட்டத்துக்குள் போய்விட்டது.
மதாம் சொக்கலிங்கம், என்று சாவியை நீட்டினாள்.

அப்பா மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம்.
மழையில் கம்பம் ஏறுவார்,
பைக்கில் மட்டும் ஏறமாட்டார்.
இரண்டு சக்கரத்தை எவன் நம்புவான் என்பார்.
இப்போது விருதுநகரில் டிவி முன்னால் இருப்பவர்மேல்
தொள்ளாயிரம் யூரோ முன்பணம் நிற்கிறது.

ழிசேல் டார்ச் அடித்து வண்டியைச் சுற்றி வந்தாள்.
கையில் ஒரு படம்,
இடப்பக்கம், வலப்பக்கம், முகப்பு,
தோல் உரித்த ஆடு மாதிரி ஒரு ஸ்கூட்டர்.
கீறலுக்கு ஒரு பெருக்கல் குறி.
இது ஒரு ஜெர்மன்காரர். இது தேன்நிலவு.
இது யாரும் இல்லை, நாய்.
பதின்மூன்று என்று எண்ணினோம்,
நான் ஆங்கிலத்தில், அவள் பிரெஞ்சில்.
கையெழுத்துப் போட்டேன்.

வலது, வலது, வலது என்று
ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.
பிறந்ததிலிருந்து இடப்பக்கம் போன உடம்பு
கேட்கவில்லை.
முதல் ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினேன்;
மீன் வண்டிக்காரன் ஒருவன் எனக்குக் கையாட்டத் தொடங்கியிருந்தான்.

சேன்-லூயி தாண்டியதும் மலை.
சிலாவோஸுக்கு நானூறு வளைவு என்கிறார்கள்.
எண்ணினேன்.
பாறையைக் குடைந்த ஒற்றை வழிச் சுரங்கம், ஹாரன், நாற்பது.
கீழே ஆறு ஒரு வெள்ளை நூல், ஐம்பத்தைந்து.
அறுபத்திரண்டில் ஒரு வால் நீண்ட பறவை
எனக்குக் கீழே பறந்தது.
பறவையின் முதுகை அதற்குமுன் பார்த்ததில்லை.
எண்ணிக்கை போயிற்று.

பிறகு ஏதோ ஒரு வளைவில்
மேலிருந்து மஞ்சள் பஸ்,
சாலை முழுக்க அதுதான்.
ஓரம் கட்டிக் காலை ஊன்றினேன்,
ஊன்றிய இடம் சரளை.
வண்டி விழவில்லை,
மாடு படுப்பதுபோல நிதானமாகப் படுத்தது.
பக்கத்தில் நானும்.

பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கினான்.
ஜன்னல் எல்லாம் முகம்.
ஒற்றை இழுப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்தி
"சவா?" என்றான்.
கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே வார்த்தை
என்ற அளவுக்கு மொழி தெரியும்.
"சவா" என்றேன்.
முழங்கால் வேறு சொன்னது.

மேலே போய்ப் பருப்பும் சோறும் தின்றேன்.
அந்த ஊர்ப் பருப்புக்குப் பெரிய பெயராம்.
வலியில் ருசி தெரியவில்லை,
பொய் சொல்ல மனமில்லை.

இறங்கும்போது முழுக்க ஒரு வாக்கியம் பழகினேன்:
அது ஏற்கெனவே இருந்தது.
போனில் தட்டி, கேட்டு, திருப்பிச் சொல்லி,
கடைசி வளைவில் உச்சரிப்புகூடச் சரியாக வந்துவிட்டது.

ழிசேல் டார்ச்சோடு வந்தாள்.
வலப்பக்கம் குனிந்தாள்.
வாய்க்குள் தயாராக இருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு
"நான்" என்றேன்.
அவள் முழங்காலைத்தான் முதலில் பார்த்தாள்,
உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தாள்.
அப்புறம் அறுபது யூரோ கழித்தாள்.
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

பிறகு அந்தப் படத்தை எடுத்து
பதினான்காவது குறியைப் போட்டாள்.
இது யார் என்று அடுத்தவர் கேட்டால்
என்ன சொல்வாள் என்று கேட்க பிரெஞ்சு போதவில்லை.
நாளைக் காலை யாரோ குனிந்து பார்த்து
சரி, இருந்தது என்று கையெழுத்துப் போடுவார்கள்.

ரசீதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்:
சேதம், வலப்பக்கம், பெயர் சொக்கலிங்கம்.
இரண்டு நீலக் கோடு.
வெகுநேரம் எழுதுகிறார், எழுதுகிறார் என்று காட்டியது.

"கை கால் நல்லாயிருக்கா.
நான் எந்த வளைவுல விழுந்தேன்?"

அறுபத்திரண்டுக்கு அப்புறம்
என்று எழுதினேன்.