இடது காது

கடைசி நாள் முங்கியெழுந்தபோது
இடது காதுக்குள் போன தண்ணீர்
வெளியே வரவில்லை.

படகுத்துறையில் ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தேன்.
சாப்பாட்டுக்கடை நாற்காலிகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த ஸ்தமாத்தியா
தானும் ஒருமுறை குதித்துக் காட்டிவிட்டுச் சிரித்தாள்.
அக்டோபர் பாதி.
இனி மே மாதம்வரை அந்தத் தீவுக்கு யாரும் வருவதில்லை.
ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு
மிச்சமிருந்த ஆரஞ்சுச் சாற்றை
எங்கள் இருவருக்கும் ஊற்றினாள்.
காசு வாங்கவில்லை.
கப்பல் நகர்ந்தபோது கையசைக்க அவள் நிற்கவில்லை.
மேசைகள் இன்னும் இருந்தன.

மும்பையில் விடிகாலை மூன்றரை.
விமானம் தாழும்போது வலது காது அடைத்துத் திறந்தது.
இடது எதிலும் கலந்துகொள்ளவில்லை.
டாக்ஸிக்காரர் பேசியதில் பாதி, ஹாரனில் பாதி,
செம்பூர் வரைக்கும் ஊர்
எனக்குப் பாதி விலையில் கிடைத்தது.

பாலை நிறுத்தச் சொல்ல மறந்திருந்தோம்.
பன்னிரண்டு நாள் பாலையும் பனீராக்கிச் சாப்பிட்டுவிட்டதாக
எதிர்வீட்டு சோனாவணே சொன்னாள்,
நன்றாக இருந்தது என்றும்.

தணிகாசலம் படங்களைக் காட்டத் தொடங்கினார்.
லிஃப்டில், வாட்ச்மேனிடம், இஸ்திரிக்காரரிடம்.
வெள்ளைச் சுவர். கட்டிப்போட்ட கழுதை.
கழுத்தளவு தண்ணீரில் நான்.
இவளா இது, என்று சேலத்திலிருந்து அக்கா.
கேட்கமாட்டாளா பின்னே.
இருபத்திரண்டு வருடம் கடலோர ஊரில் இருந்து
கணுக்காலுக்கு மேல் கடலை விட்டதில்லை.
கூட்டம், குப்பை, நனைந்தால் புடவை ஒட்டும்,
யாராவது பார்ப்பார்கள்.
அங்கேயும் பார்த்தார்கள்.
பார்த்தவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை,
அவ்வளவுதான்.

வலது காதைத் தலையணையில் புதைத்துவிட்டால் போதும்,
மேல்வீட்டு ட்ரில்லிங் இல்லை
குக்கர் இல்லை
தணிகாசலம் இல்லை.
என் ரத்தம் ஓடும் சத்தம்.
அதற்கும் பின்னால்
மதியம் இரண்டு மணிக்கு
கதவெல்லாம் சாத்திக்கொண்டு தூங்கும் அந்தத் தெரு.

டாக்டர் பட்வர்தனிடம் காட்டேன், என்றார்.
நாளைக்கு, என்றேன்.
சீழ் பிடிக்கும்.
நாளைக்கு.
நல்லெண்ணெயைச் சுடவைத்து இரண்டு சொட்டு விடு, என்றாள் அக்கா.
தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.
தலை துவட்டும்போது அந்தப் பக்கம் மட்டும் மெதுவாக.
குனியாமல் கொள்ளாமல் நடந்தேன்.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
என்னிடம் இருந்தது அரைத் தேக்கரண்டி,
அதையும் தளும்பவிடவில்லை நான்கு நாள்.

திங்கட்கிழமை, எட்டு ஐம்பத்திரண்டு.
ஹார்பர் லைன் என்று பெயர்,
துறைமுகம் ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.
பெண்கள் பெட்டியில் வடாலாவில் ஒரு நெருக்கு.
சிவ்டி தாண்டி, காட்டன் கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால்
வண்டி காரணமில்லாமல் குலுங்கி நின்றதில்
முன்னால் நின்றவளின் தோளில்
இடதுபுறமாகச் சாய்ந்தது என் தலை.

வெதுவெதுவென்று ஒரு இழை இறங்கியது.

அடுத்த மூச்சில் மொத்த ஊரும் உள்ளே வந்தது.
பத்து ரூபாய்க்கு ஒன்று என்று க்ளிப் விற்பவள்,
அடுத்த நிலையத்தின் பெயர் மூன்று மொழியில்,
போனில் யாரோ மாமியாரோடு,
தண்டவாளம், தண்டவாளம்.

அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.
சந்தன நிறக் குர்தாவில்
ஐந்து ரூபாய்க் காசளவு ஈரம்.
வேர்வையா, என்றாள் இந்தியில், அருவருப்பாக.
ஆமாம் என்றேன்.
ரே ரோடில் அவள் இறங்கிப் போகும்வரை
அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓரங்கள் ஏற்கெனவே காயத் தொடங்கியிருந்தன.

அலுவலகத்தில் பன்னிரண்டு நாள் ஃபைல்கள்.
காப்பீட்டில் நீர்ச்சேதம் என் பிரிவு.
முதலாவது கோவண்டியில் ஒரு மாவுமில், தரைத்தளம்.
தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது,
எத்தனை நாள் நின்றது,
இரண்டு கட்டங்களையும்
நிரப்பாமல் விட்டிருந்தார்கள்.