ஈடு

இடவப்பாதி ஒன்பது, துலாமழை ஒன்பது.
அத்தனையும் கழிந்து
புகைப்புரைப் பின்சுவரில் சாய்ந்தபடியே நின்றது
ததேயுசின் யெஸ்டி.

பதினோராயிரத்துக்கு ஈடு.
"ஆறு மாசம்தான் மக்கா" என்றவன்
சாவியை என் உள்ளங்கையில் அழுத்திவிட்டு
குலசேகரத்தில் பஸ் ஏறினான்.
மஸ்கட் என்றார்கள்.
திரும்பி வந்து முட்டத்தில் இருக்கிறான் என்றார்கள்.
நான் போகவில்லை. அவனும் வரவில்லை.
சாவி மட்டும் ஆணியில் கிடந்து
சுவரில் ஒரு கறுத்த வளையம் வரைந்தது.

இந்த வருஷம் ஷீட் விலை விழுந்தது.
பழைய யெஸ்டிக்கு பெங்களூரில் லட்சம் தருகிறான்கள் என்று
களியல் கள்ளுக்கடைப் பக்கம் ஒருவன் சொன்னான்.
அன்றைக்கே தார்ப்பாயை இழுத்தேன்.

இடது சைலன்சர் முழுக்கக் குளவி மண்.
சீட்டுக்கு அடியில் எலி பெற்று வளர்த்து
வயரையெல்லாம் தின்றுவிட்டு
ஹாரனை மட்டும் விட்டிருந்தது.
டேங்கைச் சரித்தால்
கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று,
வார்னிஷ் நாற்றத்தோடு, இறங்க மனசில்லாமல் இறங்கியது.

ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டைத்
தண்ணீரில் விளாவி உள்ளே விட்டேன்,
ஒரு பிடி சல்லியும் போட்டுக் குலுக்கினேன்.
மூன்றாம் நாள் செந்தண்ணீர்.
ஐந்தாம் நாள்
டார்ச் அடித்தால் உள்ளே வெள்ளை தெரிந்தது.

ஜெட்டின் அடைப்பை
கேபிளில் உரித்த ஒற்றை இழையால் குத்தினேன்.
பாயின்டை உப்புத்தாளால் தேய்த்தேன்.
பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து உதைத்தால்
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
"அந்தக் காசுக்கு நெய்மீன் வாங்கியிருக்கலாம்"
என்றாள் ஷீபா, அரிவாளோடு கடந்துபோகையில்.
அவள் தலை மறைந்ததும்
நீலமாய் ஒரு பொட்டு.

யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே இரும்பு.
உதைத்த கையோடு மடக்கினால் அதுவே கியர்.
சண்டையையும் சமாதானத்தையும்
ஒரே காலில் தந்த கம்பெனி.

சனிக்கிழமை மாலை, நாற்பதாவது உதையோ என்னவோ,
இருமியது. நின்றது.
மறுபடி இருமி
மண்ணும் கருகிய குளவியும் துப்பி
பறம்பு முழுக்க வெள்ளைப் புகை போட்டது.
புகைப்புரை தீப்பிடித்ததென்று
அடுத்த விளையிலிருந்து லிசி
குடமும் தண்ணீருமாக ஓடி வந்தாள்.
நான் சிரித்துக்கொண்டு நின்றேன்,
கழுத்துவரை எண்ணெயோடு.

இனி ஒரு ஒப்புதான் வேண்டும்.
கைமாற்றுப் படிவத்தைச் சட்டைப்பையில் மடித்துவைத்து
திருவட்டாறு, வேர்கிளம்பி, அழகியமண்டபம்,
திங்கள்நகரில் ஒரு முறை நின்றது,
தானே மனம் மாறிப் புறப்பட்டது.

கரையில் வள்ளத்து என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தவன்
சத்தத்துக்கே தலை தூக்கினான்.
முடி கொட்டிவிட்டிருந்தது.
ஒன்பது வருஷமாய்ச் சேர்த்துவைத்த வார்த்தையை
வாயில் எடுக்குமுன்

"ரூபாய அந்தக் கிறிஸ்மஸுக்கே குடுத்தேனே,
ஒங்க அப்பாட்ட.
நீ வெட்டுக்குப் போயிருந்த.
பிளேனுக்கு நேரமாச்சு, வண்டிய பொறவு பாப்போம்னு வந்தேன்.
அப்புறம் நீ ஒண்ணும் பேசல,
நானும் விட்டேன்."

அப்பா போய் ஏழு வருஷம்.
அந்தக் கிறிஸ்மஸுக்குத்தான்
கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்.
எங்கே ஏது பணம் என்று நான் கேட்டதில்லை.
டேங்கைக் கழுவியது அந்தத் தண்ணீரில்.

ததேயுஸ் வண்டியை ஒருதரம் சுற்றி வந்தான்.
மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான்.
"எதுல கழுவின?"
"ஷீட் ஆசிட்."
"லேய்," என்றான்,
"கொள்ளாமே."

படிவம் வியர்வையில்
சட்டையோடு ஒட்டிக் கிடந்தது.

திரும்பும்போது பஸ்.
ஒவ்வொரு வளைவிலும் என் இடதுகால்
வெறும் தகரத்தை மிதித்து கியர் மாற்றியது.
பக்கத்து ஆள் காலை இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவுக்குப் போச்சு?" என்றாள் ஷீபா.
கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
அந்தச் சத்தத்தில் காதில் விழாததுபோல்
கால் கழுவினேன்,
வெகுநேரம்.