ஏற்கெனவே உள்ள நோய்கள்

இம்பீரியல் ரோட்டில்
செருப்புக் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம்.
விமான டிக்கெட், ரயில் டிக்கெட், விசா, ஜெராக்ஸ்.
மின்விசிறி சுற்றினால்
பாஸ்போர்ட்டுகளின் மேல் ஸ்டேப்ளரை வைத்துவிடுவேன்.

சபாநாயகம் நல்ல நேரம் பார்த்துத்தான் படியேறினார்.
நெல்லிக்குப்பம் ஆலையில்
முப்பத்தோரு வருஷம்
சர்க்கரை மூட்டைக்குக் கணக்கு எழுதியவர்.
மெல்போர்னில் மகளுக்கு எட்டாம் மாதம்.
கிளம்பும் நாளில் எந்தப் பக்கம் சூலம் என்று பார்த்தார்.
விமானம் முதலில் கொழும்புக்குப் போகும் சார்,
அப்புறம்தான் கிழக்கே திரும்பும் என்றேன்.
யோசித்தார்.
முதல் திசைதான் கணக்கு என்றார்.

"இன்ஷூரன்ஸ் போட்டுடலாமா?"
நாற்காலி பின்னால் நகர்ந்தது.
"கிளம்புற நேரத்துல அச்சானியமாப் பேசாதம்மா."

எனக்குப் பழகிவிட்டது.
வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சை வைப்பவர்கள்,
பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குபவர்கள்,
பூட்டிய பெட்டிக்கு இன்னொரு பூட்டுப் போடுபவர்கள்
இந்த ஒரு தாளைக் கண்டால் மட்டும்
எமனே கையெழுத்துக் கேட்டதுபோல் ஆகிவிடுவார்கள்.
பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் துபாய் பார்க்கப் போய்க்
குளியலறையில் வழுக்கினார்.
இடுப்பெலும்பும்
புவனகிரிப் பக்கம் வாங்கிப்போட்ட மனையும்
ஒரே வாரத்தில் போயின.
அதைச் சொல்லவில்லை.
சொன்னால் அதுவும் அச்சானியம்.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்களே,
அதைப் பார்த்தா சார் புயல் வருது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தானே புயலில் கூரை பறந்த வீடு அவருடையது.
"ஏத்தலைன்னா மட்டும் பறக்காம இருந்திருக்குமா"
தனக்குள் முனகிக்கொண்டு
பேனாவைத் திறந்தார்.

பெயர். பிறந்த தேதி. வாரிசு.
அடுத்த கட்டம், ஏற்கெனவே உள்ள நோய்கள்.
தனக்கு இல்லை என்று எழுதினார்.
மனைவிக்கும், கேட்காமலே, இல்லை என்று எழுதினார்.

அதுவரை
சுவரில் தொங்கும் உலகப் படத்தில்
மெல்போர்னைத் தேடிக்கொண்டிருந்த தையல்நாயகி
திரும்பாமலே கேட்டார்:
"இருந்தா சொல்லணுமா?"

பேனா நின்றது.

"சொன்னா கொஞ்சம் கூட ஆகும்மா.
சொல்லலைன்னா
அங்க ஏதாவதுன்னா ஒண்ணும் கிடைக்காது."

கைப்பையின் உள்ஜிப்.
மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மாத்திரை அட்டை, பாதி காலி.
நாலு வருஷமாய்ச் சர்க்கரை.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்தோறும் வரிசை,
கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போன செவ்வாய்கள்.

மூட்டை மூட்டையாய்க் கணக்கு வைத்தவர்
இதை எந்தப் பக்கத்தில் ஏற்றுவதென்று தெரியாமல்
என் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினார்.
"எங்கிட்ட ஏன்..."
"உங்க தொண்டையில பாயசம் இறங்காதுன்னுதான்."

கீழே யாரோ ஏழாம் நம்பர் செருப்புக் கேட்டார்கள்.
ஜெராக்ஸ் எடுக்க எழுந்து போனேன்.
எடுக்க ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது
இல்லை என்பதன் மேல் ஒற்றைக் கோடு.
அதற்கு மேல் பொடி எழுத்தில்: உண்டு.
ஓரத்தில் சுருக்கொப்பம்,
பேரேட்டில் திருத்தினால் போடுவது போல.
இரண்டாயிரத்து நூறு கூடியது.
எண்ணாமல் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து
மாடிப்படியில் குரல்தான் முதலில் வந்தது:
"ஒண்ணுமே ஆகலையேம்மா! அவ்வளவு பணமும் தண்டம்!"
சண்டைக்கு வந்தவர் முகம் இல்லை அது.
பின்னாலேயே தையல்நாயகி,
மூச்சு வாங்க, கைபேசியில் பேத்தியோடு.

கொண்டுவந்த இனிப்புப் பெட்டியைப் பிரித்து நீட்டினேன்.
அவர் எடுத்துக்கொள்ளவில்லை.
ஆலையில் முப்பத்தோரு வருஷம்
மூக்கால் தின்றதே போதும் என்றார்.