வால் பக்கம் கனம்

நவம்பரிலிருந்து நாங்கள்
அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.
சாப்பாட்டு மேசை
ஓல்போர்க் விமானத்தளம் ஆகிவிட்டது.

போடில் இருபத்தோரு வருடம்
ஹெர்குலிஸில் சரக்கேற்றியவள்.
எந்தப் பெட்டி எங்கே, எத்தனை கிலோ,
எல்லாம் அவள் கணக்கு.
இப்போது பிளாஸ்டிக் கட்டைகள், பதினோராயிரம்,
மூன்று சாம்பல் நிறத்தில்:
பழையது, புதியது, வெயிலில் பழுத்தது.
எனக்கு மூன்றும் ஒன்றுதான்.
அப்படிச் சொன்ன அன்று வீட்டில் பேச்சில்லை.

இறக்கை தொங்கியது. பிரித்தாள்.
உள்ளே தண்டு செருகிக் கட்டினாள்.
தொங்கியது.
பிரித்தாள்.

நேற்றிரவுதான் முதன்முதலாகச்
சக்கரத்தில் நிறுத்தினோம்.
நாய் உட்காருவதுபோல், மெல்ல,
மூக்கைத் தூக்கி
வாலில் அமர்ந்துகொண்டது விமானம்.

நான் சிரித்துவிட்டேன்.
அவள் பின்கதவைத் திறந்து
சரக்கை ஒவ்வொன்றாக இறக்கினாள்:
ஜீப், கூடாரம், தண்ணீர்ப் பீப்பாய்கள்.
கடைசியாக, சிவப்பின்மேல் வெள்ளைச் சிலுவையிட்ட
நீளப் பெட்டி ஒன்று.
எப்போது செய்தாள் இதை?

அதை மட்டும் வெளியே எடுக்கவில்லை.
இரண்டு விரலால் முன்னே தள்ளினாள்,
விமானிகளின் முதுகுவரை.

மூக்கு இறங்கியது.

"அன்றைக்கும் இங்கேதான் வைத்தேன்" என்றாள்.

பெயர் கேட்கவில்லை நான்.
சூப் ஆறிப்போயிருந்தது.
நின்றபடியே குடித்தோம்.